பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காக ஜெபிக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சபையில் 17 வருஷமாக ஓய்வுநாள் பாடசாலை (சண்டே ஸ்கூல்) டீச்சராக இருக்கிறேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டான். சின்னவள் பிளஸ் டூ. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதும், ஈஸ்டருக்கு முன்வரும் லெந்து நாட்களும் பொதுத்தேர்வும் சேர்ந்து வரும் மார்ச் மாதத்திலும், ஆராதனை முடிந்து செருப்பை மாட்டுவதற்குள் யாராவது ஒரு அம்மா வந்து கையைப் பிடித்துக்கொள்வார். அப்படி வந்த கேள்விகளும், நின்றபடியே நான் சொன்ன பதில்களும், வீட்டுக்கு வந்தபின் "இதையும் சொல்லியிருக்கலாமே" என்று தோன்றியவையும்தான் இங்கே இருக்கின்றன. நான் போதகர் அல்ல. இறையியல் சந்தேகங்களை உங்கள் சபைப் போதகரான ஐயரிடமே கேளுங்கள்.

பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டாலே எனக்கு விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

அப்படியானால் இயேசுவின் தாய் மரியாளுக்கும் விசுவாசம் இல்லை என்று சொல்ல வேண்டிவரும். லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் இயேசுவுக்குப் 12 வயது. நம் கணக்கில் ஏழாம் வகுப்புப் பையன். பஸ்கா பண்டிகை முடிந்து ஊர் திரும்புகிற கூட்டத்தில் பையன் இருக்கிறான் என்று நினைத்து ஒரு நாள் பிரயாணம் வந்துவிட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் எருசலேமுக்கே திரும்பிப் போனார்கள். மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். கண்டதும் தாய் சொன்னது: "உன் தகப்பனும் நானும் விசாரத்தோடே உன்னைத் தேடினோமே." தேவதூதன் நேரில் வந்து சொன்ன வார்த்தையைக் கேட்ட தாய்க்கே விசாரம் இருந்திருக்கிறது. வேதம் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக அவளைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

பிலிப்பியர் 4:6-ஐ நாம் பாதியில் நிறுத்திவிடுகிறோம் என்பது என் எண்ணம். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்பதோடு காலண்டரில் அச்சடித்துவிடுவதால் அது கட்டளை மாதிரி, ஏன், திட்டு மாதிரிகூடக் கேட்கிறது. அதே வசனம், எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று தொடர்கிறது. எல்லாவற்றையும் என்றால் தண்ணீர்ப் பாட்டிலைத் தொலைத்தது, கணக்கு டீச்சர் முறைத்தது, பக்கத்து இருக்கைப் பையன் கிள்ளியது வரைக்கும். "இதையெல்லாமா ஆண்டவரிடம் சொல்வது?" என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டால் போதாதா? வேன் டிரைவர் யார், வண்டி எப்படி என்றெல்லாம் விசாரிப்பது அவிசுவாசம் என்கிறார் என் மாமியார்.

மோசேயின் தாய் பிள்ளையை நதியில் விட்டாள் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். யாத்திராகமம் 2-ஐ மெதுவாக வாசியுங்கள். நாணற்பெட்டி எடுத்தாள். அதற்குப் பிசினும் கீலும் பூசினாள். நடு ஆற்றில் விடாமல், கரையோரம் நாணலுக்குள்ளே வைத்தாள். என்ன ஆகிறது என்று பார்க்க அவனுடைய அக்காள் தூரத்தில் நின்றாள். இத்தனையும் செய்தபின்தான் கையை எடுத்தாள். தண்ணீர் புகாமல் பார்ப்பது அவள் வேலையாக இருந்தது. பார்வோன் மகளை அந்த நேரத்துக்கு அந்தத் துறைக்கு வரவைப்பது அவளால் ஆகிற வேலை இல்லை.

2012-இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து ஒரு சிறுமி இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆட்கள் வண்டிகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரோ குனிந்து அந்தத் தரையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்களும் குனிந்து பாருங்கள். அது கீல் பூசுகிற வேலை.

என் மகன் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் வேன் ஒன்றேமுக்கால் மணி நேரம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஜெபம் வரவில்லை, வேர்வைதான் வந்தது. டிரைவரின் ஒரே ஒரு நம்பர்தான் என்னிடம் இருந்தது. அதுவும் பழைய நம்பர். கடைசியில் பார்த்தால் டயர் பஞ்சர். அன்றைக்கு ராத்திரியே அந்த வேனில் வரும் 11 பிள்ளைகளின் வீட்டு நம்பரையும் வாங்கி ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். மாமியாரிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்.கே.ஜி. சேர்த்திருக்கிறோம். கேட்டில் விட்டால் அப்படி அழுகிறாள். திரும்பி நடக்கவே கால் வரவில்லை.

நடந்துவிடுங்கள். கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால் அழுகை நீளும், ஆயாம்மாவைக் கேட்டால் அவரே சொல்வார். வீட்டில் கிளம்பும்போதே தலையில் கை வைத்து, அவளுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரியில் ஜெபம் பண்ணுங்கள். "இயேசப்பா கூட இருங்க, மத்தியானம் அம்மா வருவேன், ஆமென்." சொன்ன நேரத்துக்குப் போய் நிற்பதும் அந்த ஜெபத்தில் சேர்த்தி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பயத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சபை வரலாற்றில் பெரிய பெயரான அகுஸ்தீன், 4-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் படித்த பையன். பிற்காலத்தில் தன் வாழ்க்கையைத் தானே எழுதியபோது, பள்ளிக்கூடத்தில் அடி விழக்கூடாது என்று சிறுவயதில் ஊக்கமாக ஜெபித்ததையும், வீட்டில் பெரியவர்கள் அந்த அடியைக் கேலியாக எடுத்துக்கொண்டதையும் மறக்காமல் எழுதிவைத்தார். எத்தனை பெரிய ஆளானாலும் அது மறக்கவில்லை பாருங்கள்.

மார்க்குக்காக ஜெபிப்பது தப்பா? "தானியேலைப் போல பத்துமடங்கு" என்று ஜெபிக்கிறோமே.

கேட்பதில் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் "பத்துமடங்கு" எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தானியேலும் மற்ற மூன்று வாலிபரும் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். ஊர் போச்சு, பெயரையும் மாற்றிவிட்டார்கள், பாஷை புதிது. மூன்று வருஷம் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார்கள். தேவன் அறிவைக் கொடுத்தார் என்று வேதம் சொல்வது உண்மை. அந்த மூன்று வருஷத்தையும் வேதம்தான் சொல்கிறது. இன்னொன்று, அங்கே பத்துமடங்கு என்பது ராஜா விசாரித்த விஷயங்களில் அவர்களுக்கு இருந்த ஞானத்தையும் புத்தியையும் குறித்த பேச்சு. 600-க்கு எத்தனை என்கிற கணக்கு அங்கே கிடையாது.

எனக்கு உறுத்துவது வேறு. குடும்ப ஜெபத்தில் பையன் பக்கத்தில் முழங்காலில் இருக்கும்போது, "ஆண்டவரே, இவன் புஸ்தகத்தையே தொட மாட்டேங்கிறான், இவனுக்கு நல்ல புத்தியைத் தாரும், அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் போல..." என்று போகும் பாருங்கள், அது ஜெபமே இல்லை. ஆண்டவரை சாட்சிக்கு வைத்துக்கொண்டு பிள்ளையைத் திட்டுவது. திருப்பிப் பேசவும் அவனால் முடியாது, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். நானும் இதைச் செய்திருக்கிறேன். என் மகன் ஒன்பதாவதில் ஒரு நாள், "அம்மா, நீங்க என்னைப் பத்திச் சொல்லணும்னா தனியா இருக்கும்போது அவர்கிட்டச் சொல்லுங்க" என்றான். சுருக்கென்று இருந்தது. அதிலிருந்து அவன் காதில் விழும் ஜெபத்தில் அவனுக்காக ஸ்தோத்திரம் மட்டும்தான். புகார் எல்லாம் சமையலறையில்.

என் கணவர் ஜெபத்துக்கு உட்காருவதே இல்லை. ரேங்க் கார்டு வந்தால் மட்டும் வீடு அதிரக் கத்துகிறார்.

அவருக்கும் பயம்தான். ஃபீஸ் கட்டுகிறவருடைய பயம் கோபமாக வெளியே வரும். கொலோசெயர் 3:21 அப்பாக்களுக்கென்றே எழுதப்பட்டது: "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்." திடனற்றுப்போவது என்றால் என்ன என்று எந்த டியூஷன் மாஸ்டரும் சொல்வார். பையன் வினாத்தாளைத் திருப்பிப் பார்க்காமலே மூடி வைத்துவிடுவான். ஆனால் வசனத்தைக் கார்டு வந்த ராத்திரியில் அவர் முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். சனிக்கிழமை காபி நேரத்தில், "அவனுக்கு எந்தப் பாடத்தில் சிரமம் என்று நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்களேன்" என்று ஒரு வேலையாகக் கொடுத்துப் பாருங்கள்.

பேனா, ஹால் டிக்கெட்டை ஆல்டரில் வைத்து ஜெபித்து வாங்குவது சரியா?

எங்கள் சபையிலும் உண்டு. பிள்ளைக்குச் சபையே தன் பின்னால் நிற்கிறது என்று தெரிகிறதே, அது போதும் எனக்கு. பேனாவில் ஏதோ இருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்தால், அது எழுதாமல் போகிற நாளில் பிள்ளை பாதியிலேயே உடைந்துவிடும். இரண்டாவது பேனா ஒன்று பவுச்சில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூஷன் வைக்கிறார்கள். ஆராதனையை விட்டுவிடலாமா?

இதில் என் பதில் எல்லோருக்கும் பிடிக்காது. பிரசங்க பீடத்திலிருந்து இந்தப் பெற்றோரைக் குத்திப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே சமயம், நேரம் போதவில்லை என்றதும் நம் வீட்டில் எதை முதலில் வெட்டுகிறோம் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுப்போம், ஆராதனையின் இரண்டு மணி நேரம்தான் கண்ணில் படும். முதலில் டியூஷன் சாரிடம் போய்க் கேளுங்கள். எங்கள் தெருவில் நான்கு அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேட்டோம், மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றிக்கொடுத்தார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர்கூட இல்லை. யாரும் இதுவரை கேட்கவில்லை என்றார்.

உபவாசம் இருந்து ஜெபித்தும் பிள்ளை ஃபெயில். சபையில் முகம் காட்ட முடியவில்லை.

ரிசல்ட் வந்த வாரம் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். 580 வாங்கிய பிள்ளை ஏறி நின்று கர்த்தர் கொடுத்தார் என்று சொல்லும். சந்தோஷம்தான். அப்போது கடைசி பெஞ்சில் 31 மார்க்கில் தவறிய ஒரு பிள்ளை, எனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று உட்கார்ந்திருக்கும். தமிழ்நாடு அரசே 2017-இல் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது, பிள்ளைகளின் மன அழுத்தத்தை யோசித்து. சபைதான் இன்னும் யோசிக்கவில்லை. எங்கள் ஐயரிடம் பல தடவை சொல்லியாயிற்று.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். துணைத்தேர்வு இருக்கிறது, ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே எழுதலாம், தேறினால் அந்த வருஷமே மேலே படிக்கலாம். விண்ணப்பக் கடைசித் தேதியைத் துக்கத்தில் விட்டுவிடாதீர்கள். அழுவதற்கு அப்புறமும் நேரம் இருக்கிறது. உபவாசம் வீணாகிவிட்டதா என்றால், ஆண்டவரிடம் அதையே கேளுங்கள், கோபத்தோடேயே கேளுங்கள். சங்கீதங்களில் பல அப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

பிள்ளை "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டாலும், சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொண்டாலும், ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, மருத்துவ உதவிக்கான 104, இரண்டிலும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது சாபமும் இல்லை, அவிசுவாசமும் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதானே நாம் ஜெபிக்கிறோம்.

பள்ளியில் ஒருவர் பிள்ளையிடம் தப்பாக நடக்கிறார் என்று தெரிகிறது. மன்னித்து, ஜெபித்து, பள்ளியை மாற்றிவிடலாமா?

கூடாது. இதில் மட்டும் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண். 14417 தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். நீங்கள் பேசாமல் மாற்றிக்கொண்டு போனால் அந்த இருக்கையில் அடுத்த பிள்ளை உட்காரும். குற்றம் செய்தவர் சபையில் பெரியவராக இருந்தாலும், ஓய்வுநாள் பாடசாலை வாத்தியாராகவே இருந்தாலும் இதேதான். பிள்ளையிடம் முதலில் சொல்ல வேண்டியது: "நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பே இல்லை."

மகளை ஹாஸ்டலில் விட்டிருக்கிறோம். அங்கே என்ன நடக்கிறதோ என்று ராத்திரியெல்லாம் ஓடுகிறது.

சாமுவேலின் தாய் அன்னாளை நினைத்துக்கொள்ளுங்கள். பால் மறந்த பிள்ளையைச் சீலோவில் ஆசாரியன் ஏலியிடம் கொண்டுபோய் விட்டாள். ஏதோ பரிசுத்தமான இடம், கவலையில்லை என்று நினைக்கிறோம். அடுத்த அதிகாரத்திலேயே ஏலியின் இரண்டு மகன்களும் என்ன ஆட்டம் ஆடினார்கள் என்றும் எழுதியிருக்கிறது. பெரியவர் ஏலியால் சொந்தப் பிள்ளைகளையே கட்டுப்படுத்த முடியவில்லை. இன்றைய பாஷையில் சொன்னால், வார்டன் வயதானவர், சீனியர்கள் மோசம். அந்த இடத்தில்தான் சாமுவேல் வளர்ந்தான்.

அன்னாள் வருஷந்தோறும் பலி செலுத்தப் போகும்போதெல்லாம் "ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக் கொண்டுவருவாள்" என்று இருக்கிறது. இந்த ஒரு வரியை எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று தெரியாது. பிள்ளை கண்முன் இல்லை. போன வருஷத்து அளவு தெரியும், இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று தெரியாது. உத்தேசமாகத்தான் வெட்டியிருப்பாள். ஊர்ப் பிள்ளைகளில் அவன் வயதுப் பையன் யாரையாவது கூப்பிட்டு, கை நீளத்தை அளந்து பார்த்திருப்பாள். கர்த்தருக்கென்று கொடுத்தாயிற்று, அப்புறம் சட்டை எதற்கு என்று அவள் நினைக்கவில்லை. கொடுத்ததும் உண்மை, தைத்ததும் உண்மை.

அதனால் ஞாயிறு போன் பேசும்போது "படிக்கிறியா?" என்று ஆரம்பிக்காதீர்கள். ரூமில் யார் யார், சாப்பாட்டில் என்ன, யாரோடு சண்டை என்று கேளுங்கள். மாதம் ஒரு தடவை சொல்லாமல் போய் நில்லுங்கள். போகும்போது முறுக்கு கொண்டுபோனால் கூட இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். நமக்குச் சேதி சொல்வது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான்.

பிளஸ் ஒன் வந்ததிலிருந்து மகன் ஜெபத்துக்கு உட்காருவதில்லை. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே" என்று நடத்தினோமே, எங்கே தப்பு செய்தோம்?

நீதிமொழிகள் 22:6 ஒரு உத்தரவாதப் பத்திரம் அல்ல. உலகத்தைப் பார்த்துப் பழகின ஞானி சொன்ன பழமொழி. அதிலும் "முதிர்வயதிலும்" என்று இருக்கிறது, பதினாறு வயதை அது பேசவில்லை.

அந்த அகுஸ்தீனுடைய தாய் மோனிக்காவைப் பற்றிச் சொல்கிறேன். மகன் படிக்கப் போன இடத்தில் கெட்ட வழி, வேறு மார்க்கம். 383-இல் ரோமாபுரிக்குக் கப்பலேறப் பார்த்தான். அம்மா போகவிடாமல் கடற்கரை வரை கூடவே வந்தாள். ராத்திரி அவள் பக்கத்து ஜெபாலயத்தில் அழுது ஜெபித்துக்கொண்டிருந்தபோது, பொய் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான். அவன் போகக் கூடாது என்பதுதான் அன்றைய அவள் ஜெபம். கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அவனை மிலான் நகரத்தில் ஆயர் அம்புரோஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றான். அதே வருஷம் மோனிக்கா இறந்துபோனாள். நாம் கேட்டது கிடைக்காத ராத்திரியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று கரையில் நிற்கிறவளுக்குத் தெரியாது.

உங்கள் மகனைக் கட்டாயப்படுத்தி உட்கார வைக்காதீர்கள். அவன் எதைப் பார்த்து விலகுகிறான் என்று கேளுங்கள், சில சமயம் கேள்வி நியாயமானதாக இருக்கும். அறிவியல் பாடத்துக்கும் ஆதியாகமத்துக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது சபைப் பெரியவர்கள் போடும் தேர்தல் சண்டையைப் பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் எப்போது முடியும்? பிள்ளை பள்ளியை முடித்தால் நிம்மதியா?

என் மூத்தவன் பள்ளி முடித்து ஆறு வருஷம் ஆகிறது. நேற்று ராத்திரி சென்னைக்கு பஸ் ஏறினான். ஜெபித்துவிட்டுத்தான் அனுப்பினேன். இதை எழுதும்போது காலை ஐந்தரை மணி, தாம்பரம் தாண்டியிருப்பான். இறங்கியதும் மெசேஜ் போடுகிறேன் என்றான். போனைப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். சின்னவளை எழுப்பி, பால் காய்ச்ச வேண்டும்.